எறும்பு வரைபடத்தில் வெளிறிக் கிடக்கும் இடங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகெங்கும் எறும்பு இனங்கள் பரவியிருக்கும் விதத்தைக் காட்டும் வண்ண வரைபடத்தையும் அதையொட்டிய கட்டுரையையும் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் கண்டு மகிழ்ந்தேன். யானைக்கும் புலிக்கும் திமிங்கிலத்துக்கும் மட்டுமே வழக்கமாக ஒதுக்கப்படும் இடம் எறும்புக்கும் கிடைத்திருப்பது, பூச்சிச் சேகரிப்புகளோடு நெடுங்காலம் பழகிய என் போன்றோருக்குப் பெரிய நிறைவு. ஆயினும், அடர்ந்த நிறம் காணும் இடங்களில் எறும்பு இனங்கள் மிகுதி, வெளிறிய இடங்களில் குறைவு என்று கட்டுரை முடிந்துவிட்டது. ஓர் இடம் வெளிறியிருப்பதற்கு இரு வேறு காரணங்கள் உண்டு: அங்கே எறும்பு இனங்கள் உண்மையிலேயே குறைவாக இருக்கலாம், அல்லது அந்த மண்ணில் இதுவரை எவரும் முழங்காலிட்டுத் தேடாமல் இருந்திருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லாவிட்டால் வாசகர் வரைபடத்தைத் தவறாகவே படிப்பார் என்ற கவலையால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்த வரைபடம் எத்தகைய உழைப்பின் விளைவு என்பதைச் சொல்ல வேண்டும். ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் இவான் எக்கனோமோவும் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பெனுவா கெனாரும் வேறு பல ஆய்வாளர்களோடு சேர்ந்து, உலகளாவிய எறும்புப் பல்லுயிர்த் தகவல் திட்டம் என்ற பெயரில், இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளிலும் அருங்காட்சியகச் சேகரிப்புகளிலும் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரே தரவுத்தளத்தில் திரட்டினார்கள். ஆயிரக்கணக்கான வெளியீடுகளை, அவற்றுள் பல எளிதில் கைக்குக் கிடைக்காத பழைய இதழ்களில் வெவ்வேறு மொழிகளில் வந்தவை, ஒவ்வொன்றாகப் படித்து, எந்த இனம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று பதிய வேண்டியிருந்தது. ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பின் பயனாக 15 லட்சத்துக்கும் மேற்பட்ட இடப்பதிவுகளைக் கொண்டு 14,324 இனங்களின் பரவலை ஜேமி காஸ் உள்ளிட்ட குழுவினர் மதிப்பிட்டு 2022 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நுணுக்கத்தில், முதுகெலும்பற்ற உயிர்களின் ஒரு பெரும் பிரிவு முழுவதற்கும் உலக வரைபடம் உருவானது அதுவே முதல்முறை. பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் அத்தகைய வரைபடங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டன.

அந்த வரைபடம் காட்டும் பெரும்போக்கில் எனக்கு ஐயம் இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க எறும்பு இனங்கள் பெருகுகின்றன; துருவங்களை நோக்கிச் செல்லச் செல்லக் குறைகின்றன. அண்டார்டிகாவில் எறும்பு இல்லை. கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இயல்பாக உரிய எறும்பு இனம் எதுவும் இல்லை. ஹவாய்த் தீவுகளிலும் அப்படித்தான், இன்று அங்கே ஊரும் எறும்புகள் அனைத்தும் மனிதரோடு வந்து சேர்ந்தவை. இவை உண்மையான இன்மைகள். குளிரோ கடலோ காரணமாகத் தெளிவாக நிற்கிறது. தேடியவர்களும் போதுமான அளவு தேடியிருக்கிறார்கள். வெப்பமண்டலத்தின் நடுவே, காடும் ஈரமும் நிறைந்த நிலப்பரப்பில், அக்கம்பக்கம் எல்லாம் அடர்ந்திருக்க ஒரு பகுதி மட்டும் வெளிறிக் கிடப்பதைத்தான் நாம் நம்பிவிடக் கூடாது.

இதற்கு ஆஸ்திரேலியாவின் நோத்தோமிர்மீசியா மாக்ராப்ஸ் என்ற எறும்பின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் பல்லடோனியா பகுதியிலிருந்து தெற்குக் கடற்கரையை நோக்கி 1931-இல் பயணம் செய்த ஒரு குழுவினர் வழியில் கிடைத்த பூச்சிகளைச் சேகரித்து வந்தார்கள். அவற்றுள் இருந்த இரண்டு எறும்புகளை ஆராய்ந்த ஜான் கிளார்க், 1934-இல் அவற்றை ஒரு புதிய பேரினமாக அறிவித்தார். உடலமைப்பில் மிகப் பழமையான கூறுகளைக் கொண்டிருந்த அந்த எறும்பு, எறும்புகள் குளவி முன்னோரிலிருந்து எவ்வாறு தோன்றின என்பதற்கு விடை தரக்கூடும் என்று கருதப்பட்டது. ஆனால் நீண்ட பயணத்தின் எந்த இடத்தில் அது எடுக்கப்பட்டது என்ற துல்லியமான குறிப்பு இல்லை. பல குழுக்கள் அப்பகுதிக்குச் சென்று தேடி வெறுங்கையோடு திரும்பின. 1977-இல் ராபர்ட் டெய்லர் தலைமையில் கிழக்கேயிருந்து அதே தேடலுக்காகப் புறப்பட்ட குழு, வழியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் பூச்சேரா என்ற சிற்றூர் அருகே தங்க நேர்ந்தது. அன்றைய குளிர்ந்த இரவில், தேடிப் போன இடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், அந்த எறும்பு அவர்கள் கண்ணில் பட்டது. குளிர் மிகுந்த இரவுகளில் மரங்களில் ஏறி இரை தேடும் வழக்கம் அதற்கு உண்டு. எறும்பு தேடுவோரோ வெயில் நேரத்தையே விரும்புவார்கள். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அந்த இனத்தின் வரைபடத்தில் இருந்த ஒரே புள்ளி ஐயத்துக்குரியதாகவும், அது உண்மையில் வாழ்ந்த இடம் வெற்றிடமாகவும் இருந்தன. ஆஸ்திரேலியாவைப் போல் பூச்சியியல் வல்லுநர்கள் பலர் உழைத்த நாட்டிலேயே இது நேர்ந்தது.

அமேசானில் இன்னும் வியப்பான ஒன்று நடந்தது. பிரேசிலின் மனாஸ் நகருக்கு அருகே காட்டுத்தரையில் 2003-இல் கிடைத்த, கண்களற்ற, வெளிறிய ஒரேயொரு வேலைக்கார எறும்பைக் கொண்டு 2008-இல் மார்ட்டியாலிஸ் ஹ்யூரெகா என்ற இனமும், அதற்கென ஒரு புதிய பேரினமும், புதிய துணைக்குடும்பமும் நிறுவப்பட்டன. இன்று வாழும் எறும்புகளிலேயே மிகத் தொன்மையான கிளைகளுள் அது ஒன்று. அந்த ஓர் உயிர் அன்று ஆய்வாளரின் கையில் சிக்காதிருந்தால், எறும்புக் குடும்பத்தின் ஒரு முழுக் கிளை இருப்பதே அப்போது நமக்குத் தெரிந்திருக்காது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில், நிலத்தில் துளையிட்ட கிணற்றுக்குழாய் ஒன்றுக்குள் 25 மீட்டர் ஆழத்தில் வலையிட்டு எடுத்த மாதிரியிலிருந்து லெப்டனில்லா பேரினத்தைச் சேர்ந்த ஒரு புதிய இனம் 2024-இல் விவரிக்கப்பட்டது. தரைக்கு மேலே மட்டும் தேடுவோர் அந்த எறும்பை ஒருநாளும் பார்த்திருக்க முடியாது.

மண்ணுக்கடியில் இருப்பதைப் போலவே மர உச்சியிலும் ஓர் உலகம் இருக்கிறது. பெரு நாட்டின் தம்போபாத்தா காட்டில் ஒற்றை மரத்திலிருந்து எடுத்த எறும்புகளை அமெரிக்க எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சன் இனம் பிரித்துப் பார்த்தபோது 43 இனங்கள் தேறின. பிரித்தானியத் தீவுகள் முழுவதிலும் உள்ள எறும்பு இனங்களின் எண்ணிக்கைக்கு அது ஏறத்தாழ சமம். மர உச்சியில் பூச்சிக்கொல்லிப் புகையைச் செலுத்தி, கீழே விரித்த விரிப்புகளில் விழுவதைச் சேகரிக்கும் முறை கையாளப்பட்டதால்தான் இது தெரியவந்தது. தரையில் குழிப்பொறி வைத்தால் ஒரு தொகுதி எறும்புகள் கிடைக்கும். உதிர்ந்த இலைக்குவியலைச் சலித்து, அது உலர உலர எறும்புகள் கீழே விழும்படி அமைந்த விங்க்லர் பை என்ற துணிப்பையில் தொங்கவிட்டால் வேறொரு தொகுதி. இரை வைத்துக் காத்திருந்தால் இன்னொன்று. ஒரே முறையை மட்டும் பயன்படுத்திய ஆய்வு அந்த இடத்து எறும்புகளில் ஒரு பகுதியையே தரும். ஆகவே, வரைபடத்தில் ஒரு சதுரத்தின் நிறம் அங்கே எத்தனை பேர் போனார்கள் என்பதை மட்டும் பொறுத்ததன்று. போனவர்கள் கையில் என்ன கருவி இருந்தது, இரவில் தேடினார்களா, மழைக்காலத்தில் தேடினார்களா என்பதையும் பொறுத்தது.

அறிவியல் பக்கத்துக்கு ஏற்ற செய்தியாக எனக்குத் தோன்றுவது, ஒரு புள்ளி எப்படிப் பிறக்கிறது என்பதே. களத்தில் ஒருவர் எறும்பை எடுத்துச் சாராயத்தில் இடுகிறார். உலர்ந்தபின் முக்கோண வடிவ அட்டையின் நுனியில் ஒட்டி, குண்டூசியில் குத்தி, அதே ஊசியில் இடம், நாள், சேகரித்தவர் பெயர் எழுதிய சிறு லேபிளைச் சேர்க்கிறார். வகைப்பாட்டியல் அறிந்த மற்றொருவர், பல ஆண்டுகள் கழித்துக்கூட, நுண்நோக்கியில் அதன் தாடை, உணர்கொம்பின் கணுக்கள், இடுப்புக் கணுவின் வடிவம், உடல்மீதுள்ள மயிர்களின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்து இனப்பெயரைத் தீர்மானிக்கிறார். பின்னர் அது ஒரு கட்டுரையில் இடம்பெற்று, தரவுத்தளத்துக்கு வந்து, அட்சரேகை தீர்க்கரேகை பெற்று வரைபடத்தில் புள்ளியாகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி தவறினாலும் புள்ளி இடம் மாறிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டு லேபிள்களில் பிரேசில் என்றோ சியாம் என்றோ ஒற்றைச் சொல் மட்டுமே இருப்பதுண்டு. ஒரே பெயர் தாங்கிய ஊர்கள் பல நாடுகளில் உண்டு. ஓர் இனம் என்று நெடுநாள் எண்ணப்பட்டது பின்னாளில் மரபணு ஆய்வில் நான்கைந்து இனங்களாகப் பிரிந்தால் பழைய பதிவுகள் ஒவ்வொன்றையும் மறுபடி பார்க்க வேண்டும்; மாதிரி பாதுகாக்கப்படவில்லை என்றால் அந்தப் பதிவு இனி எந்த இனத்துடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

மேலே சொன்ன தகவல் திட்டத்தின் இணைய வரைபடமான ஆன்ட்மேப்ஸில் எனக்கு மிகப் பிடித்த அம்சம், இத்தகைய ஐயங்களை மறைக்காத நேர்மைதான். ஒவ்வோர் இனத்துக்கும் உலகைச் சிறு நிலப்பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியில் அது இயல்பாக வாழ்வதா, வெளியிலிருந்து வந்ததா, கட்டடங்களுக்குள் மட்டும் காணப்படுவதா, பதிவே ஐயத்துக்குரியதா என்று வெவ்வேறு நிறங்களில் காட்டுகிறார்கள். குளிர்நாடுகளில் வெப்பமூட்டிய மருத்துவமனைகளிலும் குடியிருப்புகளிலும் வாழும் பாரோ எறும்பை அந்நாடுகளின் சொந்த இனமாகக் கணக்கிட்டால் வரைபடம் பொய்யாகிவிடும். துறைமுகச் சோதனையில் சரக்குப் பெட்டியில் பிடிபட்ட ஓர் எறும்பை அந்த நாட்டுக் கணக்கில் சேர்த்துவிட்ட பழைய பதிவுகளும் உண்டு. ஐயத்தை ஐயமாகவே அச்சிடும் துணிவு எல்லா வரைபடங்களுக்கும் வாய்ப்பதில்லை. தங்கள் நாளிதழ் மறுபதிப்புச் செய்த வரைபடத்தில் அந்த வேறுபாடுகள் நீங்கி ஒரே வண்ணப்படிநிலையாக மாறிவிட்டது எனக்கு வருத்தம் தந்தது.

2022-ஆம் ஆண்டு ஆய்வாளர்களும் இச்சிக்கலை நன்கு அறிந்தவர்களே. அதனால்தான் பதிவுகளை அப்படியே வரைவதோடு நிறுத்தாமல், உலகின் எல்லா இடங்களும் ஒரே அளவு தேடப்பட்டிருந்தால் எங்கெங்கே இனங்கள் கூடியிருக்கும் என்பதை இயந்திரக் கற்றல் வழியாகக் கணித்து, இன்னும் கண்டறியப்படாத எறும்புகள் மிகுந்திருக்க வாய்ப்புள்ள பகுதிகளைத் தனியாகக் காட்டினார்கள். அதனை அவர்களே புதையல் வரைபடம் என்று அழைத்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னர், 2012-இல், கெனாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் எறும்புப் பேரினங்களை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் கலக்கம் தருவது: புதிய கண்டுபிடிப்புகளுக்கு வாய்ப்பு மிகுந்த பகுதிகளே காடழிப்பின் அச்சுறுத்தலுக்கு அளவுக்கு மீறி ஆளாகியிருக்கின்றன என்று அது கூறியது. பெயர் பெறுமுன்பே ஓர் இனம் அழிந்தால் அதை எந்தப் பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டிய தேவைகூட எழாது. அழிந்ததை ஒருவரும் அறியப்போவதில்லை.

பாதுகாப்பு பற்றிய செய்தியைத் தங்கள் கட்டுரை ஒரே வரியில் கடந்து சென்றது. குறுகிய பரப்பில் மட்டும் வாழும் எறும்பு இனங்கள் குவிந்திருக்கும் இடங்களில் மிக முதன்மையான 10 விழுக்காட்டை எடுத்துக்கொண்டால், அவற்றில் 15 விழுக்காட்டுக்கு மட்டுமே தேசியப் பூங்கா, காப்பகம் போன்ற ஏதேனும் ஒரு சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. எறும்புகளின் இத்தகைய மையங்கள் முதுகெலும்பிகளின் மையங்களோடு 78 விழுக்காடு ஒன்றி வருகின்றன என்பது அதே 2022 வரைபட ஆய்வு தரும் ஆறுதலான செய்தி. தவளைக்காகவும் பறவைக்காகவும் காப்பாற்றும் காட்டில் எறும்பும் பிழைத்துக்கொள்ளும் என்று ஓரளவு நம்பலாம். ஒன்றிவராத மீதியை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பூமியில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 200 கோடி கோடி எறும்புகள் வாழ்கின்றன என்றும், அவற்றின் உடலில் உள்ள கரிமத்தின் எடை மட்டும் 1 கோடியே 20 லட்சம் டன் என்றும், காட்டுப் பறவைகளையும் காட்டுப் பாலூட்டிகளையும் கூட்டினாலும் அதற்கு ஈடாகாது என்றும் 2022-இல் வந்த வேறோர் ஆய்வு மதிப்பிட்டது. மண்ணைப் புரட்டியும் இறந்த உடல்களை அகற்றியும் இவை உழைக்கின்றன. 11,000-க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர இனங்களின் விதைகளைச் சுமந்து பரப்புவதும் இவையே. இத்தனை பெரிய உழைப்பாளர் கூட்டத்தில் யார் எங்கே இருக்கிறார் என்பதுகூடத் தெரியாமல் காட்டுக் கொள்கைகளை வகுப்பது பொறுப்பான செயலாகாது.

வரைபடம் மாறிக்கொண்டே இருக்கிறது என்பதையும் வாசகருக்குச் சொல்லியிருக்கலாம். மனிதரின் கப்பல்களும் நாற்றுத்தொட்டிகளும் மரக்கட்டைகளும் 500-க்கும் மேற்பட்ட எறும்பு இனங்களை அவற்றின் சொந்த எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றிருக்கின்றன. தென் அமெரிக்காவின் பரானா ஆற்றுப் படுகைக்குரிய அர்ஜென்டினா எறும்பு, இத்தாலியிலிருந்து ஸ்பெயினின் அட்லாண்டிக் கரை வரை ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒன்றையொன்று தாக்காத ஒரே மாபெரும் குடியிருப்பாகப் பரவியிருப்பதை 2002-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் பைத்திய எறும்புகள் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்று காட்டின் இயல்பையே மாற்றிவிட்டன. தென் அமெரிக்காவையே தாயகமாகக் கொண்ட சிவப்பு நெருப்பெறும்பு 1930-களில் அமெரிக்காவின் மொபீல் துறைமுகத்தில் இறங்கியது. 2001-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கண்டறியப்பட்டது; 2023-இல் வெளியான ஆய்வு, இத்தாலியின் சிசிலித் தீவில் சிராக்குசா நகருக்கு அருகே அதன் 88 புற்றுகளைப் பதிவுசெய்தது. ஐரோப்பாவில் அது நிலைகொண்டதற்கான முதற்சான்று அதுவே. ஓர் இனம் எந்த இடத்துக்குச் சொந்தம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான், அது அந்நியமாக ஓரிடத்தில் தலைகாட்டும்போது முதல் சில புற்றுகளின் கட்டத்திலேயே தடுக்க முடியும். தேடுவாரற்ற வெற்றிடத்தில் இறங்கும் அயல் எறும்புக்குத் தடையே இல்லை. அங்கே எது பழையது, எது புதியது என்று ஒப்பிட்டுச் சொல்ல ஒரு பட்டியலும் இருக்காது.

வெற்றிடத்தை நிரப்புவதற்குச் செயற்கைக்கோளும் கணினியும் மட்டும் போதா. எட்வர்ட் வில்சன் 2003-இல் வெளியிட்ட புதிய உலகத்தின், அதாவது அமெரிக்கக் கண்டங்களின், ஃபெய்டோலே என்ற எறும்புப் பேரினம் பற்றிய ஆய்வில் இடம்பெற்ற 624 இனங்களில் 337 இனங்கள் அதுவரை பெயரில்லாதவை. அவற்றின் மாதிரிகள் பல ஏற்கனவே அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடந்தவையே. ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் ஒதுக்கியதால்தான் அமெரிக்கக் கண்டங்களின் வரைபடத்தில் அவை இடம்பெற்றன. மடகாஸ்கரின் எறும்புகளில் மிகப் பெரும்பாலானவை வேறெங்கும் வாழாதவை என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிவதற்கும், கலிஃபோர்னியா அறிவியல் அகாதமியைச் சேர்ந்த பிரையன் ஃபிஷரும் மலகாசி ஆய்வாளர்களும் அத்தீவு முழுவதும் ஆண்டுக்கணக்கில் இலைக்குவியல்களைச் சலித்ததுதான் காரணம். வகைப்பாட்டியல் பணியிடங்களும் மாதிரிச் சேகரிப்புகளுக்கான நிதியும் பழைய துறை என்ற பெயரில் குறைக்கப்படும்போது, வருங்கால வரைபடத்தின் புள்ளிகள் குறைக்கப்படுகின்றன என்றே நான் கொள்கிறேன்.

இக்காரணங்களால் தங்களிடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். இத்தகைய வரைபடத்தை அடுத்த முறை வெளியிடும்போது, இனங்களின் எண்ணிக்கையைக் காட்டும் படத்தின் பக்கத்திலேயே, எந்தெந்த இடங்களில் எவ்வளவு மாதிரிகள் எடுக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டும் படத்தையும் அதே அளவில் அச்சிடுங்கள். 2022 ஆய்வு இரண்டு வகை மதிப்பீடுகளையும் தந்திருப்பதால் இதற்குத் தனி உழைப்பு தேவைப்படாது. போதிய தேடல் நடக்காத பகுதிகளுக்கு வெளிறிய நிறத்தைத் தராமல் சாம்பல் நிறத்தைத் தந்தால், இல்லாததையும் அறியாததையும் வாசகர் ஒரே பார்வையில் பிரித்துக்கொள்வார். எறும்புகளைப் படமெடுத்து இணையத்தில் பதிவேற்றும் ஆர்வலர்கள் பெருகிவரும் இக்காலத்தில், இடமும் நாளும் சரியாகக் குறிக்கப்பட்ட படத்துக்கு அறிவியல் மதிப்பு உண்டு என்பதையும், படத்தை மட்டும் கொண்டு இனம் தீர்மானிக்க முடியாத எறும்புகள் மிகப்பல என்பதால் முறைப்படி பாதுகாக்கப்பட்ட மாதிரிக்கு மாற்று இல்லை என்பதையும் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகச் சேர்த்தால், அடுத்த பதிப்பின் வரைபடத்துக்குத் தங்கள் வாசகர்களிலிருந்தே சிலர் புள்ளிகளை வழங்கக்கூடும்.

இப்படிக்கு,
தங்கள் அறிவியல் பக்கத்தின் நெடுநாள் வாசகர்